சாரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க

டீக்கடையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் ஆரம்பம்.

போலாரத்தைத் தாண்டி, ராணுவக் குடியிருப்பின் மதில் முடிந்து, வயல்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு முச்சந்தி இருக்கிறது. அங்கே இருக்கும் டீக்கடைக்குக் காலையில் போனால் அந்தப் பக்கத்து விவசாயிகள் எல்லாரையும் பார்க்கலாம். எல்லாரையும் என்றால் ஆண்களை. யார் வீட்டில் உரமூட்டை மிச்சம், யார் டிராக்டர் நாளைக்குச் சும்மா நிற்கிறது, கரண்டு எப்போது வரும், லைன்மேனை எங்கே பிடிக்கலாம், எல்லாம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து டீ ஆறுவதற்குள் பேசி முடிந்துவிடும். ஆபீசுக்கு அலைந்து யாரும் எதுவும் வாங்கியதாக நான் பார்த்ததில்லை.

நான் அங்கே போன காரணம் என் போர்வெல் மோட்டர். முந்தின நாள் சாயந்திரம் புகைந்து நின்றுபோனது. வயலில் பந்திப்பூ, தமிழ்நாட்டில் செண்டுமல்லி என்பார்களே அதுதான், மொட்டுக் கட்டி நின்றது. மழை ஓய்ந்து வெயில் காய்கிற நேரம். அடுத்த வாரம் பதுகம்மா பண்டிகை. இந்தத் தெலுங்கு ஊரில் அந்தப் பண்டிகைக்குப் பெண்கள் தாம்பாளத்தில் பூவை அடுக்கடுக்காகக் கோபுரம் கட்டிச் சுற்றி வந்து கும்மியடிப்பார்கள். வருஷம் முழுக்க நான் குனிந்து நிமிர்வதெல்லாம் அந்த ஒரு வாரத்துப் பூவுக்காகத்தான். இப்போது தண்ணீர் காட்டாவிட்டால் பூ பொத்தான் அளவில் நின்றுவிடும்.

நான் ஸ்கூட்டரை நிறுத்தியதுமே சிரிப்புச் சத்தம் நின்றது. ஒருத்தர் பீடியைக் காலால் தேய்த்தார். இன்னொருத்தர் துண்டால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து, பெஞ்சிலிருந்து நன்றாகத் தள்ளி வேப்பமரத்தடியில் போட்டார். எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், எனக்கு மட்டும் சாசரோடு கப்.

"சொல்லுங்க மேடம்."

சொன்னேன். மோட்டர் போச்சு, பூ நிற்கிறது, யாரிடமாவது ஸ்பேர் மோட்டர் இருந்தால் பண்டிகை முடிகிறவரை கொடுங்கள் என்றேன். எல்லாரும் தெலுங்கில் உச்சுக் கொட்டினார்கள்.

"ஹவ் மேடம், பாத்துடலாம். சாரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க."

ஹவ் என்றால் இந்த ஊர்ப் பேச்சில் 'ஆமாம், சரி'. அவ்வளவுதான். நான் டீயைக் குடித்து முடிக்கிறவரை ஒருத்தர் வாய் திறக்கவில்லை. மரியாதையாம். நான் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு திருப்பத்தைத் தாண்டும்போது பின்னால் பேச்சு மறுபடி தொடங்கியது. ஒருவேளை என் மோட்டரைப் பற்றிக்கூட அப்போது பேசியிருக்கலாம். எனக்கென்ன தெரியும், நான்தான் போய்விட்டேனே.

இந்தச் சார் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் உலகநாதன். திருநெல்வேலிப் பக்கம். அமீர்பேட்டில் ஒரு கோச்சிங் சென்டரில் பிள்ளைகளுக்கு சாஃப்ட்வேர் சொல்லிக் கொடுக்கிறார். நல்ல மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஆனால் விவசாயத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு, தட்டில் கீரை விழுவதோடு சரி. வயலுக்கு வந்தாலும் செருப்பில் மண் ஒட்டிவிடுமே என்று வரப்பில் நிற்பார். அவர்தான் அந்த வட்டாரத்துக்கே விவசாயி. வயல் பெயர் 'தமிழ்ச் சார் வயல்'. குத்தகைப் பத்திரத்தில் இருக்கிற பெயர் சாருலதா. அது நான்.

நான் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவள். தாத்தா காலத்தில் ஒர்க்‌ஷாப் வேலைக்காக வந்த குடும்பம். தெலுங்கு, ஹிந்தி, தமிழ் எதில் வேண்டுமானாலும் சண்டை போடுவேன். அல்வாலில் ஒரு ஸ்கூலில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொரோனாவில் ஸ்கூலை மூடினார்கள். வீட்டில் உட்கார்ந்து பைத்தியம் பிடிக்கிற மாதிரி இருந்தது. குத்தகைக்கு நிலம் எடுத்தேன். முதல் வருஷம் எல்லாம் அழுகிப்போனது, அடுத்த வருஷம் கொஞ்சம் தேறியது, இப்போது வேலை பிடிபட்டிருக்கிறது. இதில் சார் எங்கே வந்தார் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

டீக்கடையிலிருந்து நேராக மோட்டர் ரிவைண்டிங் கடைக்குப் போனேன். காயில் கம்பி மட்டுமில்லை, ஷாஃப்ட்டும் போய்விட்டது, சாமான் வரத் தீபாவளி ஆகும் என்றான் மெக்கானிக். அவசரமாகச் செய்ய வழியே இல்லையா என்று கேட்டேன். "சார் நம்பர் குடுங்க மேடம், நான் பேசிக்கிறேன்" என்றான். என் முன்னால் நான் நிற்கிறேன். என் கையில் என் ஃபோன் இருக்கிறது. இவன் வேறொருத்தருக்கு ஃபோன் போட்டு என் மோட்டரைப் பற்றிப் பேசுவானாம்.

ராகவேந்திரா வீட்டில் ஒரு மோட்டர் இருப்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் பெரிய நிலம் அவருடையது, அவரும் பந்திப்பூதான் போட்டிருந்தார். புது போர் போட்டுப் பெரிய மோட்டர் இறக்கியதால் பழையது ஷெட்டில் கிடந்தது. நான் போனபோது அவர் இல்லை, அவர் மனைவி ரமா இருந்தாள். ரமாவுக்கும் எனக்கும் நல்ல பழக்கம். அவள் வீட்டு ஊறுகாய் பாட்டிலில் பாதி என் வீட்டில் இருக்கும், என் வீட்டு இட்லிப்பொடி டப்பா அவள் வீட்டில் இருக்கும்.

"ஷெட் சாவி இதோ என் இடுப்புலதான் இருக்கு அக்கா" என்றாள். "ஆனா மோட்டர் குடுக்கறது அவர் சமாசாரம். நான் குடுத்தா, உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேப்பார். சாரை ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்."

நீயுமாடி என்று நினைத்துக்கொண்டேன். நவராத்திரி நெருங்கிவிட்டதால் குங்குமம் கொடுத்து, வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தாள். மோட்டர் கேட்கப் போனவள் ரவிக்கைத் துணியோடு திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து உலகநாதனிடம் சொன்னால், "எனக்கு அவங்க கூடல்லாம் என்ன பழக்கம் சாரு, நான் போய் என்னத்தப் பேச" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கரைச்சல் தாங்காமல் டீக்கடைக்குக் கிளம்பிப் போனார். எனக்கு நம்பிக்கையே இல்லை. அவர் பேசுகிற தெலுங்கில் டீகூட வாங்க முடியாது.

மதியத்துக்குள் டிராலி ஆட்டோவில் மோட்டர் வந்து இறங்கியது. இறக்கிக் கட்ட இரண்டு ஆட்களும் கூடவே வந்தார்கள். உலகநாதன் முன்சீட்டிலிருந்து இறங்கினார்.

"நல்ல மனுஷன்ட்டி அந்த ராகவேந்திரா. சும்மா தூக்கிட்டுப் போங்கன்னுட்டாரு. அவரு அண்ணன் மவன் ஒருத்தன் இருக்கான் வாசுன்னு. எந்தக் கோர்ஸ் படிக்கணும்னு கேட்டாரு, சொன்னேன். நீ என்னமோ யாரும் மதிக்கலைன்னு சொன்னியே. எனக்குப் பெஞ்சில தள்ளி உக்காந்து இடம் போட்டாங்க."

அதைத்தான் சொல்கிறேன். அவருக்குப் பெஞ்சில் இடம் போட்டார்கள். தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருகிற இடம். நாற்காலி கேட்டவளுக்குத்தான் நாற்காலி கிடைத்திருக்க வேண்டும், நான் கேட்கவே இல்லை.

தண்ணீர் வந்தது. வயிறு எரிந்துகொண்டே தண்ணீர் பாய்ச்சினேன். செடி நிமிர்ந்தது, மொட்டு பருத்தது, பூ கைப்பிடி அளவுக்கு விரிந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம், சார் நல்லா பண்ணியிருக்கார் என்றார்கள்.

என்னிடமும் ஆட்கள் இல்லாமலில்லை. யாதம்மாவும் அவளோடு இன்னும் சில பெண்களும் இருக்கிறார்கள். எல்லாரும் அந்த ஊர்க்காரிகள். ஆளுக்குத் துண்டு துண்டாக நிலம், அதில் கொத்தமல்லி, பாலக், வெந்தயக்கீரை, கொஞ்சம் பூ. நாங்கள் ஒருத்தருக்கொருத்தர் பதில் வேலை செய்வோம். இன்று என் வயலில் எல்லாரும் குனிந்தால், நாளைக்கு யாதம்மா வயலில் எல்லாரும் குனிவோம். கூலி கிடையாது. யாரும் எழுதி வைப்பதில்லை, யாரும் மறப்பதுமில்லை. மழைக்காலம் முழுக்க அவர்கள் சேற்றில் நான் நாற்று நட்டேன். முதல் தடவை இடுப்பு பிடித்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது யாதம்மாதான் கடுகெண்ணெய் தேய்த்துவிட்டாள்.

எங்களுக்குள் நாற்று கிடைக்கும், விதை கிடைக்கும், ஆள் கிடைக்கும், காய்ச்சலென்றால் வீட்டுக்குச் சோறு வரும். மோட்டர் கிடைக்காது, டிராக்டர் கிடைக்காது. லைன்மேன் நம்பர் எங்களில் ஒருத்தியிடமும் இல்லை. லைன்மேன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

பண்டிகையின் கடைசி நாளான பெரிய பதுகம்மாவுக்கு முந்தின நாள் என் வயலில் பூ பறிக்க எல்லாரும் வர வேண்டும். அது எப்போதோ பேசி வைத்தது. அன்று விடிகாலையில் பறித்து, வெயில் ஏறுவதற்குள் வேனில் ஏற்றினால்தான் அது பூ. ஒரு நாள் தள்ளிப்போனால் மாட்டுக்குப் போட வேண்டியதுதான். எனக்கு மொத்த வருஷமும் அந்த ஒரு காலையில் இருந்தது.

அன்று விடிவதற்கு முன்னாலேயே வயலுக்குப் போய்விட்டேன். கூடை, சாக்கு, பறிக்கிறவர்களுக்கு ஃபிளாஸ்க்கில் டீ, எல்லாம் தயார். வெளிச்சம் வந்தது. பறவைகள் கத்தின. ஒருத்தியும் வரவில்லை. யாதம்மாவுக்கு ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. நான் தனியாகப் பறிக்க ஆரம்பித்தேன். ஒரு வரிசை முடிவதற்குள் வெயில் முதுகில் விழுந்தது. யார் வீட்டிலாவது சாவோ என்று பயந்து உலகநாதனுக்கு ஃபோன் போட்டேன்.

"அட, உங்கிட்ட சொல்ல மறந்துட்டேனா" என்றார். "ராகவேந்திராவுக்குப் பறிக்க ஆள் வரலையாம். கூலிக்கு ஆள் கூட்டிட்டு வர்ற மேஸ்திரி கடைசி நேரத்துல அவங்களை வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டானாம். நேத்து கடையில ரொம்ப வருத்தப்பட்டாரு. நாந்தான் நம்ம பொம்பளைங்களை அனுப்புதேன்னு சொன்னேன். மோட்டர் குடுத்திருக்காரே, மறுக்க முடியுமா. அப்படியே யாதம்மா வீட்டுலயும் சொல்லிட்டு வந்துட்டேன், மேடம் போகச் சொன்னாங்கன்னு. நமக்கு நாளைக்கு வருவாங்க. நான் எல்லாம் அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்."

நாளைக்கு.

நான் ஃபோனை வைத்தேன். சொல்ல ஆரம்பித்திருந்தால் பக்கத்து ராணுவக் குடியிருப்பிலிருந்து ஆள் வந்திருக்கும். அவருக்கு மோட்டர் 'சும்மா' கிடைத்தது என்றாரே, அந்தச் சும்மாவுக்கு விலை என் கைக்காசு இல்லை, அவர் கைக்காசும் இல்லை. சேற்றில் நான் முதுகு ஒடிந்து சேர்த்து வைத்த காலை அது. அதை எடுத்து டீக்கடையில் நீட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ராகவேந்திரா வயலுக்கு ஓடினேன். என் பெண்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள், புடவை முந்தியை இடுப்பில் பையாகக் கட்டிக்கொண்டு அவர் பூவைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்றிருந்த ராகவேந்திரா என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகக் கும்பிட்டார்.

"நமஸ்தே மேடம். சார் ரொம்ப உதவி பண்ணினார்." திரும்பி ஷெட் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய், மேடத்துக்கு நாற்காலி கொண்டா."

நான் அவரைத் தாண்டிச் செடிக்குள் இறங்கினேன். யாதம்மா நிமிரவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்ற பிறகும் பூவைப் பறித்துக்கொண்டே இருந்தாள்.

"யாதம்மா, ஃபோன் எடுக்கலையே."

"எதுக்கு எடுக்கணும். நீ போகச் சொன்னே, வந்துட்டோம்." அவள் குரலில் நான் கேட்டறியாத ஒரு வறட்சி இருந்தது. "உன் பூவுக்கு வந்தா அது பதில் வேலை. நீ என் சேத்துல நின்னே, நான் உன் வெயில்ல நிக்கறேன். இவன் பூவுக்கு எதுக்கு நிக்கறேன்னு நீயே சொல்லு அக்கா. இவன் எப்ப என் வயல்ல குனிஞ்சான்? கூலி உண்டான்னு கேட்டேன். சாரோட பேசியாச்சுன்றான். எங்களைக் குடுத்துட்டு நீ என்ன வாங்கினே?"

மற்றவர்கள் பறிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் பூ போனால் போகிறது என்று அந்த நிமிஷம் தோன்றியது. இந்த முகங்கள் என்னை இப்படிப் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. என்னை ஒரு மேஸ்திரி என்று நினைத்துவிட்டார்கள், ஆளைக் கூட்டிக்கொண்டு போய் விற்கிறவள் என்று.

"நான் சொல்லல."

"சார் சொன்னாரே, மேடம் சொன்னாங்கன்னு."

"சார் சொன்னாரு. நான் சொல்லல. என்னைக் கேக்கவே இல்ல. நான் காலையிலேருந்து உங்களுக்கு டீ வெச்சிக்கிட்டு அங்க நிக்கறேன்."

யாதம்மா முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கையில் பந்திப்பூச் சாறு கறுத்திருந்ததையும் பார்த்தாள். பிறகு முந்தி முடிச்சை அவிழ்த்தாள். அத்தனை பூவும் வரப்போரம் கொட்டியது. பக்கத்தில் இருந்தவளும் அவிழ்த்தாள். ஒவ்வொருத்தியாகக் கொட்டிவிட்டு வரப்பேறினார்கள்.

ராகவேந்திராவின் சிரிப்பு போய்விட்டது. "மேடம், இது சரியில்ல. சார் வாக்குக் குடுத்திருக்கார். நான் மோட்டர் குடுத்திருக்கேன்."

"கழட்டிக்கிட்டுப் போங்க" என்றேன். "வாக்குக் குடுத்தவரைக் கூப்பிட்டுப் பறிக்கச் சொல்லுங்க."

"நான் சார்கிட்ட பேசிக்கறேன்" என்றார்.

நானும் இவ்வளவு கத்துகிறேனே, அந்த மனுஷனுக்கு என்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் அவருக்குச் சார்தான் வேண்டும்.

எங்கள் வயலில் இறங்கி மூச்சு விடாமல் பறித்தோம். டீ ஆறிப்போனது, அதையே குடித்தார்கள். வெயில் ஏறிய பிறகு பறித்த பூ சாக்கிலேயே சுருள ஆரம்பித்தது. வேன் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெரிய வியாபாரிகள் கிளம்பிவிட்டார்கள். பாதியை வந்த விலைக்குத் தள்ளினேன், மீதி வயலிலேயே நின்றுவிட்டது. மறுநாள் அதை வேண்டிய மட்டும் பறித்துக்கொண்டு போய் யாதம்மா தெருப் பெண்கள் பதுகம்மா அடுக்கினார்கள். அவ்வளவு உயரப் பதுகம்மா அந்தத் தெருவில் அதுவரை யாரும் வைத்ததில்லையாம். நானும் போய்க் கும்மியடித்தேன்.

பண்டிகை முடிந்ததும் மோட்டரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்கும் முன்னால் ராகவேந்திரா உலகநாதனுக்கு ஃபோன் போட்டு, தப்பாக நினைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாராம்.

செடியில் அடுத்த மொட்டு வைத்திருந்தது, தீபாவளிக்கு வர வேண்டிய பூ. பக்கத்துக் குட்டையிலிருந்து குடத்தில் சுமந்து ஊற்றினோம். எத்தனை குடம் ஊற்ற முடியும்? வயலின் அந்தக் கோடியில் செடிகள் தலை தொங்கத் தொடங்கின.

வீட்டில் உலகநாதன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு அந்தக் கடையில நான் எப்படித் தலைகாட்டுவேன்? நாலு மனுஷங்க கூடப் பழகி உனக்காகத்தான் ஒரு பொருளை வாங்கிட்டு வந்தேன். ஒரே நாளில கெடுத்துட்டியே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

"நான் உங்களைக் கேக்கணுமா?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "நீங்க என்னைக் கேட்டீங்களா?"

"அவங்க உன் ஆளுங்கதானே. நீ சொன்னா எங்க வேணா போவாங்கன்னு நெனச்சேன்."

"நான் கூப்பிட்டா வருவாங்க. ஏன்னா அவங்க கூப்பிட்டா நான் போறேன். அது உங்களுக்குப் புரியல. அன்னிக்கு ராகவேந்திரா வயல்ல அவங்க நின்னதுக்கு அவர் பதில் செய்ய மாட்டார். நான்தான் ஒவ்வொருத்தி வயல்லயும் போய் நிக்கணும். நீங்க வாக்குக் குடுத்தீங்க, என் இடுப்பு குடுக்குது."

எங்கள் மகள் அஸ்வினி ஹோம்வொர்க்கிலிருந்து தலை தூக்காமல், "தப்பு மீதே, டாடி" என்றாள். தப்பு உங்களுடையதுதான் என்பதைத் தமிழில் சொல்லியிருந்தால் அவருக்கு உறைத்திருக்கும். தெலுங்கில் சொன்னதால் புரியாத மாதிரி இருந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை யாதம்மா வயல்ல களையெடுப்பு" என்றேன். "நீங்க வரீங்க. உங்க வாக்குக்கு நீங்க குனியறீங்க."

வந்தார், பாவம். பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, தலையில் அஸ்வினியின் கிரிக்கெட் தொப்பியோடு வந்தார். பெண்கள் எல்லாரும் வெந்தயக்கீரைப் பாத்தியில் குனிந்திருந்தார்கள். நான் அவரைக் காட்டி, "சார் இன்னிக்குக் களையெடுக்க வந்திருக்கார்" என்றேன்.

யாதம்மா பதறிப்போய் எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் குடிசைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் தலைமேல் ஒரு நாற்காலி இருந்தது. அதை வரப்பில் நிழல் பார்த்துப் போட்டு, முந்தியால் துடைத்தாள்.

"உக்காருங்க சார். சார் வந்ததே போதும்."

"யாதம்மா, அதை எடு" என்றேன்.

"நக்கோ, வேணாம் அக்கா. சார் குனிஞ்சா பாக்க நல்லாவா இருக்கும்? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

உலகநாதன் என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அவங்க மனசு நோகக் கூடாது என்கிற மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒருத்தி அவருக்கு டீ கொண்டுவந்தாள். சாசரோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? இவர்களுமா என்று குனிந்து களையைப் பிடுங்கினேன். பாதி கீரையும் சேர்ந்து வந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் ஃபோன் அடித்தது. ராகவேந்திரா. எங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார், பார் என் செல்வாக்கை என்பது போல.

"சார், நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க. தீபாவளிப் பூவுக்கும் மேஸ்திரி கை விரிச்சுட்டான். பறிக்க ஆள் கிடைக்கல. மோட்டரை மறுபடி அனுப்பறேன். நீங்க பொம்பளைங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

உலகநாதன் வாயைத் திறந்தார். அந்த வாய் "ஹவ்" என்று சொல்லப் போகிற தினுசு எனக்கு நன்றாகத் தெரியும். சேற்றுக் கையோடு போய் ஃபோனைப் பிடுங்கினேன்.

"நான் சாருலதா பேசறேன். மோட்டர் எனக்கு வேணும், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பதிலா பொம்பளைங்க கிடையாது. வேணும்னா மோட்டருக்கு வாடகை நான் தரேன். பறிக்க வரவங்களுக்கு நீங்க கையில கூலி குடுக்கணும். வரலாமா வேணாமான்னு அவங்க சொல்லுவாங்க. எங்க பூ பறிச்ச பிறகுதான் உங்க பூ. சம்மதமா?"

அந்தப் பக்கத்திலிருந்து மிகுந்த மரியாதையோடு குரல் வந்தது.

"நல்லது மேடம். ஃபோனை ஒரு நிமிஷம் சார்கிட்ட குடுங்க."

பெண்கள் எல்லாரும் குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாதம்மா என் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு ஸ்பீக்கர் என்றாலும் கத்தித்தான் பேச வரும்.

"நான் யாதம்மா. சார் களையெடுக்கறார். இப்பப் பேச முடியாது. அக்கா சொன்னது கேட்டுச்சா? ஆள் வேணும்னா எங்ககிட்ட கேளு. முதல்ல அக்கா போர்ல மோட்டர் இறங்கட்டும், அப்புறம் பாக்கலாம்."

உலகநாதன் டீ கப்போடு அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள். அவர் மெல்ல எழுந்தார்.

"சரிம்மா" என்றார் ராகவேந்திரா. "நான் சார்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

லைன் கட்டானது. யாதம்மா ஃபோனை என்னிடம் நீட்டுவதற்குள் அவள் கையிலேயே அது மறுபடி அடித்தது. திரையில் ராகவேந்திரா பெயர். சாரைக் கேட்பதற்காகக் கூப்பிடுகிறார்.

உலகநாதன் பழக்கதோஷத்தில் கையை நீட்டினார்.

"குனிங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கப்பை வரப்பில் வைத்தார். பாத்திக்குள் இறங்கினார். செருப்பைக் கழற்ற மறந்து போனதால் மண் அப்பிக்கொண்டது. யாதம்மா ஃபோனை நாற்காலியில் வைத்துவிட்டுத் தன் வரிசைக்கு வந்தாள். நாங்கள் எல்லாரும் களையெடுத்தோம். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.